காதல் மங்காவில் மன ஆழமும் குறையுள்ள மனிதர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானியக் காதல் மங்காவை, அதாவது சித்திரக்கதைத் தொடர்களைப் படிக்கத் தொடங்கும் வாசகர்களுக்குச் சில சந்தேகங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. நாயகி ஏன் இத்தனை காலம் தயங்குகிறாள், இப்படிப்பட்ட தவற்றை எப்படி மன்னிக்க முடியும், பொறாமை பிடித்தவனை ஏன் கதாநாயகன் ஆக்குகிறார்கள் என்பன அவற்றுள் சில. ருமிகோ தகாஹாஷியின் ‘மெசோன் இக்கோகு’, மசாமி ட்சுதாவின் ‘கரே கானோ’, நட்சுகி தகாயாவின் ‘ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்’, ஐ யசாவாவின் ‘நானா’, சிகா உமினோவின் ‘ஹனி அண்ட் குளோவர்’ ஆகிய ஐந்து தொடர்களை வைத்து இங்கே பதில் சொல்லப்படுகிறது. கதைகளின் திருப்பங்களும் சிலவற்றின் முடிவுகளும் வெளிப்படையாகப் பேசப்படுவதால், கதை தெரியாமல் படிக்க விரும்புவோர் கடைசிக் கேள்விக்கு நேராகச் சென்றுவிடலாம்.

காதல் மங்கா என்றாலே பள்ளிக்கூடக் காதல்தானா?

இல்லை. பதின்ம வயதுப் பெண்களுக்கான ஷோஜோ இதழ்களில் பள்ளிக் கதைகள் மிகுதி என்பது உண்மைதான். ஆனால் வயது வந்த பெண்களுக்கான ஜோசெய் இதழ்களில் வேலை, திருமணம், வாடகை, கர்ப்பம் ஆகிய எல்லாமே கதையாகின்றன. ‘மெசோன் இக்கோகு’ வயது வந்த ஆண்களுக்கான ‘பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்’ இதழில் 1980 முதல் 1987 வரை வெளிவந்தது. அதன் நாயகி ஓர் இளம் விதவை.

நாயகி கால் தடுக்கி விழுகிறாள், சமைக்கத் தெரியாது, கணக்கு வராது. இவையெல்லாம் குறைகள் இல்லையா?

இவை நாயகியை வாசகருக்கு நெருக்கமாக்கும் சின்னச் சின்ன அடையாளங்கள். இவற்றால் யாருக்கும் இழப்பில்லை. கதையில் பொருட்படுத்தத்தக்க குறை என்பது, ஒருவர் தம்மைக் காத்துக்கொள்ளப் பழகிக்கொண்ட ஒரு நடத்தை இன்னொருவரைக் காயப்படுத்துவது. பெருமை, பொறாமை, முடிவெடுக்க மறுக்கும் கோழைத்தனம், எல்லோருக்கும் நல்லவராக இருக்கும் ஆசை ஆகியவை அவ்வகை. இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அந்தக் குறையைப் பாத்திரத்திலிருந்து எடுத்துவிட்டால் கதை அப்படியே நடக்குமா என்று கேட்டுப் பாருங்கள். நடக்கும் என்றால் அது வெறும் ஒப்பனை. நடக்காது என்றால் அந்தக் குறையைச் சுற்றித்தான் காதலே கட்டப்பட்டிருக்கிறது. நல்ல காதல் மங்காவில், இருவரும் சேர முடியாமல் தடுப்பது பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் வில்லன் அல்ல, அவர்களுக்குள்ளேயே இருக்கும் இத்தகைய ஒரு பழக்கம்தான்.

அதற்கு ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

‘கரே கானோ’ 1996 முதல் 2005 வரை ‘லாலா’ இதழில் வந்து 21 தொகுதிகளில் முடிந்தது. இதன் நாயகி யுகினோ மியாசாவா பள்ளியில் எல்லாவற்றிலும் முதலாவதாக நிற்பவள், அடக்கமும் அழகும் உள்ளவள் என்று பெயர் எடுத்தவள். வீட்டுக்கு வந்ததும் பழைய விளையாட்டு உடையும் கண்ணாடியும் அணிந்து விடாமல் படிக்கிறாள். அவள் தேடுவது அறிவை அல்ல, பாராட்டை என்பதை முதல் அத்தியாயத்திலேயே ஆசிரியர் மறைக்காமல் சொல்லிவிடுகிறார். தன்னை முந்திவிட்ட சோஇச்சிரோ அரிமாவின் மீது அவளுக்கு இருக்கும் வெறுப்பும் முழுக்க முழுக்க அற்பமானது. அவன் காதலைச் சொல்லும்போது அதை மறுத்து உள்ளுக்குள் மகிழ்கிறாள். பிறகு ஒரு நாள் வீட்டு வாசலில் அவன் வந்து நிற்க, அந்த உடையோடு, அந்தக் குணத்தோடு கையும் களவுமாகப் பிடிபடுகிறாள்.

சாதாரணமான ஒரு கதையில் நாயகன் இந்த உண்மை முகத்தைக் கண்டு உடனே நெகிழ்ந்துபோவான். அரிமா அப்படிச் செய்வதில்லை. ரகசியத்தைக் காட்டி மிரட்டி, மாணவர் மன்ற வேலைகளை அவள் தலையில் கட்டுகிறான். அவனும் நல்லவனாக நடிப்பவன்தான் என்பது அங்கேதான் தெரியத் தொடங்குகிறது. பெற்ற தாயின் கொடுமைக்கும் கைவிடலுக்கும் ஆளாகி, பெரியப்பா குடும்பத்தில் வளர்ந்த அவன், பெற்றோரைப் போல ஆகிவிடக் கூடாது என்ற அச்சத்தில் குற்றமற்றவனாக வாழ முயல்கிறான். யுகினோவின் முகமூடி வீண்பெருமையால் ஆனது; அதைக் கழற்றினால் அவளுக்குச் சற்று வெட்கம் வரும், அவ்வளவுதான். அரிமாவின் முகமூடியைக் கழற்றினால் அடியில் இருப்பது பயமும் வன்மமும். இருவரையும் ஒரே தராசில் வைக்காததை இத்தொடரின் மிகப் பெரிய நேர்மையாக நான் மதிக்கிறேன். கதையின் பிற்பகுதியில், யுகினோ வெளியுலகை நோக்கி மலர மலர, அவளை இழந்துவிடுவோமோ என்ற பொறாமை அரிமாவை உள்ளிருந்து அரிக்கிறது; தன் இருட்டை அவளிடமே அவன் மறைக்கிறான். காதல் கிடைத்த பிறகுதான் குறை முழு வலிமையோடு வெளிவருகிறது என்பதை இத்தனை பொறுமையாகச் சொன்ன பள்ளிக் காதல் தொடர்கள் குறைவு.

ஒரே பக்கத்தில் இத்தனை உணர்வை எப்படிக் கொண்டுவருகிறார்கள்?

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1970களின் தொடக்கத்தில் மோட்டோ ஹாகியோ, கெய்கோ தாகேமியா, யுமிகோ ஓஷிமா போன்ற பெண் ஓவியர்கள் ஷோஜோ மங்காவின் பக்க அமைப்பையே மாற்றினார்கள். இவர்களில் பலர் ஷோவா 24, அதாவது 1949ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர்கள் என்பதால் ‘24ஆம் ஆண்டுக் குழு’ என்று அழைக்கப்படுகிறார்கள். கட்டத்துக்குக் கட்டம் நிகழ்ச்சியை நகர்த்துவதற்கு மாறாக, கட்டங்களின் கோடுகளை உடைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக முகங்களை அடுக்கி, ஒரு நொடியை ஒரு முழுப் பக்கத்துக்கு விரித்தார்கள். வசனக் குமிழுக்கு வெளியே, வெற்றிடத்தில் மிதக்கும் சொற்களாகப் பாத்திரத்தின் மனக்குரலை எழுதினார்கள்.

குறையுள்ள பாத்திரங்களுக்கு இந்த மனக்குரல் மிகவும் பயன்படுகிறது. குமிழுக்குள் ஒருத்தி “வாழ்த்துகள்” என்று சொல்லிக்கொண்டிருக்கையில், குமிழுக்கு வெளியே அவள் மனம் வேறொன்றைச் சொல்லும். ஒரே கட்டத்தில் பொய்யும் உண்மையும் அருகருகே நிற்கும். எதிரில் இருப்பவர் ஒன்றை மட்டும் கேட்கிறார், நாம் இரண்டையும் கேட்கிறோம். ‘நானா’வில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. தன் தோழி நானாவைப் பெயர் சொல்லி விளித்து, ஹாச்சி என்று செல்லமாக அழைக்கப்படும் இன்னொரு நாயகி பேசும் மனக்குரல், கதை நடக்கும் காலத்துக்குப் பல ஆண்டுகள் பின்னாலிருந்து வருகிறது. இருவரும் சமையலறையில் சிரித்துக்கொண்டிருக்கும் பக்கத்திலேயே அந்தக் குரல் ஒலிப்பதால், இந்தச் சிரிப்பு நிலைக்கப்போவதில்லை என்பது நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. சிரிக்கும் முகத்துக்கு மேலே ஏக்கம் எழுதப்பட்டிருக்கும் அந்தப் பக்கங்களில் அழுகை ஒரு கட்டத்தில்கூட வரையப்பட்டிருக்காது. ஆனாலும் படிப்பவரின் தொண்டை அடைக்கும்.

‘மெசோன் இக்கோகு’வின் கியோகோ ஏன் ஏழு ஆண்டுகள் முடிவெடுக்காமல் இழுக்கிறாள்? படிப்பவருக்கு எரிச்சல் வருகிறதே?

எரிச்சல் வருவது நியாயம்தான். அது வரவேண்டும் என்றுதான் கதையும் எழுதப்பட்டிருக்கிறது. கியோகோ ஓதோனாஷி பள்ளியில் தனக்குப் பாடம் எடுத்த சோஇச்சிரோவைக் காதலித்து மணந்தவள். மணமாகிச் சில மாதங்களிலேயே அவர் இறந்துவிடுகிறார். மாமனாருக்குச் சொந்தமான பழைய குடியிருப்புக்கு மேலாளராக வருகிறாள். அங்கே குடியிருக்கும் யூசாகு கோதாய், நுழைவுத் தேர்வில் தோற்று அடுத்த முறைக்குத் தயாராகும் இளைஞன். அவளோடு வரும் வெள்ளை நாயின் பெயரும் சோஇச்சிரோதான். அவள் நாயைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் இறந்தவரின் பெயர் அந்த வளாகத்தில் ஒலிக்கிறது. இது வேடிக்கைக் காட்சியாகத் தொடங்கி, பக்கங்கள் நகர நகரக் கனமாகிறது.

கியோகோவின் குறை வெறும் தயக்கம் அன்று. கோதாயை ஏற்கவும் மாட்டாள், அவன் கோசுவே என்ற பெண்ணோடு வெளியே போனால் பொறுக்கவும் மாட்டாள். தான் பொறாமைப்படுவதையும் ஒப்புக்கொள்ள மாட்டாள். விறைப்பாகக் கதவைச் சாத்திக்கொண்டு, அவனுக்குக் காரணமே தெரியாத ஊடலை நாள்கணக்கில் நீட்டுவாள். மறுபுறம், டென்னிஸ் பயிற்சியாளர் மிதாகாவின் நம்பிக்கையையும் முறிக்காமல் வைத்திருப்பாள். ஒரு மனிதரைக் காத்திருக்க வைப்பது கொடுமைதான், கதையும் அதை மறைப்பதில்லை. ஆனால் அவளுடைய அச்சம் எங்கே இருக்கிறது என்பதை நாம் மெல்லப் புரிந்துகொள்கிறோம்: இன்னொருவரை நேசித்துவிட்டால், இறந்தவரை நேசித்தது பொய்யாகிவிடுமோ என்ற அச்சம் அது. கோதாயும் குறையற்றவன் அல்லன். கோசுவேயிடம் “இல்லை” என்று ஒரு சொல் சொல்லத் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் அவளை ஏமாற்றத்தில் வைத்திருக்கிறான்.

முடிவுக்கு முன் கோதாய் சோஇச்சிரோவின் கல்லறைக்குத் தனியாகச் சென்று பேசுகிறான். நீங்கள் அவள் மனத்தில் இருப்பதைத் தெரிந்துகொண்டே, உங்களையும் சேர்த்துத்தான் அவளை ஏற்றுக்கொள்கிறேன் என்ற பொருளில் அவன் சொல்வதைக் கியோகோ கேட்டுவிடுகிறாள். அவளுடைய முதல் காதலை அழித்துத் தன் இடத்தைப் பிடிக்க அவன் முயலவில்லை. ஒரு குறையைக் குணப்படுத்தாமலேயே அதனோடு வாழ ஒருவன் முடிவெடுப்பதை இவ்வளவு எளிமையாகக் காட்டிய காட்சி வேறொன்றை நான் படித்ததில்லை. திருமணத்துக்கு அவள் அவனிடம் கேட்பதும் ஒன்றே ஒன்றுதான்: தன்னைவிட ஒரு நாளாவது கூடுதலாக அவன் வாழ வேண்டும்.

ஒரு வார்த்தை பேசியிருந்தால் தீர்ந்திருக்கும் மனக்கசப்பைப் பத்து அத்தியாயங்களுக்கு நீட்டுவது ஆழம் ஆகுமா?

எல்லா நேரமும் ஆகாது. மங்கா பெரும்பாலும் இதழில் தொடராக வருவதால், வாசகர் ஆதரவு இருக்கும்வரை கதையை நீட்டும் அழுத்தம் இருக்கிறது. பாதி கேட்ட உரையாடல், தவறிப்போன கடிதம் போன்றவை அதற்குக் கைகொடுக்கும் மலிவான கருவிகள். பேசாமைக்குக் காரணம் பாத்திரத்தின் குணத்தில் இருந்தால் அந்த நீட்சி பொறுக்கத்தக்கது. தற்செயலில் மட்டும் இருந்தால் அது இடநிரப்பல். கியோகோ பேசாததற்கு அவளிடமே காரணம் இருக்கிறது. அவ்வப்போது ‘மெசோன் இக்கோகு’வும் மலிவான குழப்பங்களில் இறங்குவதுண்டு, அவற்றை வேகமாகக் கடந்துவிடுவதில் தவறில்லை.

‘ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்’டின் தோரு மிகவும் நல்லவளாக இருக்கிறாள். குறையே இல்லாத பாத்திரம் தட்டையானது அல்லவா?

தொடக்கத்தில் அப்படித்தான் தோன்றும். ‘ஹனா தோ யுமே’ இதழில் 1998 முதல் 2006 வரை வந்து 23 தொகுதிகளாக நிறைந்த இத்தொடரில், தோரு ஹோண்டாவின் நற்குணமே அவளுடைய மறைவிடம் என்பது மிகத் தாமதமாகவே வெளிப்படுகிறது. அவள் எல்லோரிடமும், தோழிகளிடம்கூட, மிகையான மரியாதையோடு பேசுவது முதலில் ஒரு வேடிக்கைப் பழக்கமாகத் தெரிகிறது. தந்தை இறந்தபோது தாய் துக்கத்தில் மூழ்கி, சின்னஞ்சிறு மகளையே மறந்துபோகிறாள். அப்போது தாய் தன்னை விட்டுப் போய்விடக் கூடாது என்று, இறந்த தந்தை பேசிய விதத்தில் அந்தக் குழந்தை பேசத் தொடங்கியிருக்கிறது. நூற்றுக்கணக்கான பக்கங்களாக நாம் ரசித்துவந்த ஒரு பேச்சுப் பழக்கம், கைவிடப்படுவோம் என்ற குழந்தையின் அச்சத்தால் உருவானது என்று அறியும்போது முந்தைய காட்சிகள் எல்லாம் வேறு நிறம் பெறுகின்றன.

இன்னொன்றும் இருக்கிறது. தாயின் மறைவுக்குப் பின், தாய்தான் தன் வாழ்வில் முதலிடம் என்று தோரு பிடிவாதமாக இருக்கிறாள். சோமா குடும்பத்து இளைஞன் கியோவை நேசிக்கத் தொடங்கியதும் அந்த முதலிடம் மாறிவிடுமே என்று குற்ற உணர்வு கொள்கிறாள். பிறர் துக்கத்தை ஆற்றத் தெரிந்தவள், தன் துக்கத்தைத் தொடவே மறுக்கிறாள். இது ஆழமான குறை, ஒழுக்கக் குறையாக வெளியே தெரியாததால் இன்னும் ஆபத்தானது.

பொறாமையையும் வற்புறுத்தலையும் காதல் என்று காட்டுவது சரியா?

சரியல்ல, இதைப் பூசி மெழுகத் தேவையில்லை. பெண்ணைச் சுவரோரம் நிறுத்தி, அவள் தலைக்கு அருகே கையை ஊன்றி அசையவிடாமல் செய்யும் ‘காபேடோன்’ காட்சி ஷோஜோ மங்காவில் பழகிய ஒன்று. 2014இல் அச்சொல் ஜப்பானின் ஆண்டுச் சொற்கள் தேர்வில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. மிரட்டலைக் கவர்ச்சியாக வரைந்து, அந்தப் பெண்ணின் அச்சத்தை வெட்கம் என்று மாற்றிச் சொல்லும் கதைகள் ஏராளம். அவற்றில் இருப்பது குறையுள்ள பாத்திரம் அன்று. குறையைக் குறையென்று ஒப்புக்கொள்ளாத ஆசிரியர்.

கவனிக்க வேண்டியது, காயம்பட்டவரின் முகத்துக்குக் கட்டம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பதை. ஒருவர் கத்தும்போது ஓவியர் கத்துபவரை மட்டும் அழகாக வரைந்து அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறாரா, அல்லது எதிரில் நிற்பவரின் உறைந்த கண்களையும், மறுநாள் அவர் பேசத் தயங்குவதையும் வரைகிறாரா? காயத்துக்கு இடம் கொடுக்கும் தொடர், பொறாமையைக் காட்டினாலும் பொறாமைக்குப் பரிந்து பேசாது. இளவயது வாசகர்களுக்குத் தொடர்களைப் பரிந்துரைக்கும் பெற்றோரும் ஆசிரியர்களும் இதை முதலில் பார்க்கலாம்.

அப்படியானால் அகிதோவை மன்னித்தது நியாயமா?

‘ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்’ வாசகர்களிடையே இன்றுவரை ஓயாத விவாதம் இது. சோமா குடும்பத்தின் தலைமையில் இருக்கும் அகிதோ, ஹதோரியின் ஒரு கண்ணின் பார்வையைப் பறித்ததும், ரின்னை மாடியிலிருந்து தள்ளியதும், பின்னர் அடைத்துவைத்ததும் கதையில் நடந்த உண்மைகள். தாயின் வெறுப்பில், ஆணாக வளர்க்கப்பட்ட பெண் அவள் என்பதும் உண்மை. துயரமான பிறப்பு குற்றத்தை விளக்கலாமே தவிர அழிக்காது.

என் கருத்தில், தோரு அவளை நோக்கிக் கை நீட்டுவது நம்பத்தக்கதாகவே எழுதப்பட்டிருக்கிறது, ஏனென்றால் தனிமைக்கு அஞ்சும் ஒருத்தி இன்னொருத்தியிடம் தன்னையே அடையாளம் காண்கிறாள். ஆசிரியர் எல்லோர் வாயிலும் மன்னிப்பைத் திணிக்கவில்லை என்பதும் முக்கியம். ரின் மன்னிப்பதில்லை, மன்னிக்க வேண்டும் என்று கதை அவளை வற்புறுத்துவதும் இல்லை. எனினும் அகிதோவுக்குக் கிடைக்கும் புதுவாழ்வு, அவள் செய்தவற்றின் எடைக்குச் சற்று விரைவாகவே வந்துவிடுகிறது என்ற குறையை நான் ஏற்கிறேன்.

கியோவின் குற்ற உணர்வு இதைவிட நுட்பமாகக் கையாளப்பட்டிருக்கிறது. தோருவின் தாய் விபத்தில் சிக்கிய கணத்தில் அருகே நின்ற அவன், கையைப் பிடித்து இழுத்திருந்தால், எதிர்பாலினர் அணைத்தால் விலங்காக மாறும் குடும்பச் சாபத்தால் எல்லோர் முன்பும் பூனையாக மாறியிருப்பான். அந்தத் தயக்கம் ஒரு நொடிதான். அந்த நொடியை அவன் ஆண்டுக்கணக்கில் சுமக்கிறான், அதை அவள் மகளிடமே சொல்லவும் வேண்டியிருக்கிறது. சொல்லிவிட்டு, அவள் தன்னை நேசிக்கிறேன் என்றதும் அதைத் தாங்க முடியாமல் அவளை நோகடித்து ஓடிவிடுகிறான். உண்மையைச் சொன்னதால் ஒருவன் உடனே நல்லவனாகிவிடுவதில்லை என்பதற்கு அந்த ஓட்டம் சாட்சி.

‘நானா’வில் ஹாச்சி, நோபுவை விட்டு டகுமியை ஏன் தேர்ந்தெடுத்தாள்?

2000ஆம் ஆண்டில் ‘குக்கி’ இதழில் தொடராகத் தொடங்கிய ‘நானா’, பெயரும் வயதும் ஒன்றான இரு பெண்கள் டோக்கியோ செல்லும் ரயிலில் சந்திப்பதில் ஆரம்பமாகிறது. 707ஆம் எண் வீட்டை இருவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். நானா கோமாட்சு, அதாவது ஹாச்சி, காதலில் இல்லாதபோது தான் யாரென்றே தெரியாமல் தவிப்பவள். அன்பான நோபுவோடு இருக்கும் காலத்தில்தான் கருவுற்றிருப்பது தெரிகிறது. அதற்கு முன் பழகிய டகுமி பெண்கள் விஷயத்தில் நம்பத்தகாதவன், அடக்கியாள்பவன். ஆனால் குழந்தைக்குப் பொறுப்பேற்கிறேன் என்று அவன் உடனே சொல்கிறான். நோபு இடிந்துபோய்த் தடுமாறுகிறான்.

ஹாச்சியைத் திட்டுவது எளிது, பலரும் திட்டுகிறார்கள். இருபது வயதில், வருமானம் இல்லாமல், வயிற்றில் குழந்தையோடு நிற்கும் ஒருத்திக்கு ‘யார் நல்லவன்’ என்ற கேள்வியைவிட ‘யார் இப்போது நிற்கிறான்’ என்ற கேள்வி பெரிதாகத் தெரிவதை யசாவா கண் திறந்து பார்த்து எழுதியிருக்கிறார். முடிவு அவளுக்கு வீட்டையும் கணவனையும் தருகிறது. தோழியோடு வாழ்ந்த 707ஐப் பறித்துக்கொள்கிறது. ஆசிரியர் அவளைத் தண்டிக்கவும் இல்லை, நியாயப்படுத்தவும் இல்லை.

நானா ஓசாகியையும் இங்கே மறக்கக் கூடாது. நான்கு வயதில் தாயால் கைவிடப்பட்டவள், யாரும் தேவையில்லை என்று நிமிர்ந்து நிற்பவள். ஹாச்சி போனதும் அவளுக்கு மூச்சுத் திணறல் வரத் தொடங்குகிறது. வலிமையானவளாகத் தெரிந்தவளின் பெருமையும், பலவீனமானவளாகத் தெரிந்தவளின் சார்பும் ஒரே இழப்பு அச்சத்தின் இரு வடிவங்கள் என்பது அந்த இடத்தில் விளங்குகிறது. இத்தொடரின் ஆழமான காதல் இந்த இரு பெண்களுக்கிடையில் இருக்கிறது என்று சொல்பவர்களோடு நான் உடன்படுகிறேன்.

காதல் நிறைவேறாமல் முடிந்தால் படித்தது வீணா?

‘ஹனி அண்ட் குளோவர்’ 2000 முதல் 2006 வரை வெளிவந்த 10 தொகுதிகளில் இந்தக் கேள்வியையே கேட்கிறது. கலைக் கல்லூரி மாணவனான டகேமோட்டோ, ஹாகு என்ற ஓவியப் பெண்ணைக் காதலிக்கிறான். அவனுக்கு அவள் கிடைப்பதில்லை. யமாதா மயாமாவை நேசிக்கிறாள், மயாமாவோ கணவனை இழந்த ரிகாவின் பின்னால் நிற்கிறான். கடைசியில் ஊரைவிட்டுப் புறப்படும் டகேமோட்டோவிடம் ஹாகு ரயில் நிலையத்தில் ஒரு பொதியைத் தருகிறாள். ரயிலில் பிரித்துப் பார்த்தால் ரொட்டித் துண்டுகள், அவற்றின் நடுவே தேன், தேனில் நான்கு இலை குளோவர்கள். அவற்றைத் தேடிப் பறிக்க எத்தனை நேரம் ஆகியிருக்கும் என்பதை அவன் அறிவான். அழுதுகொண்டே சாப்பிடுகிறான்.

எங்கிருந்து தொடங்கலாம்?

பொறுமையும் சிரிப்பும் வேண்டுவோர் ‘மெசோன் இக்கோகு’வில் தொடங்கலாம், முதல் தொகுதியின் கலகலப்பைக் கண்டு இதில் ஆழம் இல்லை என்று விட்டுவிட வேண்டாம். பதின்ம வயதினருக்கு ‘ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்’ பொருத்தம். ஆனால் குழந்தைகள் மீதான வன்முறை அதில் வருகிறது. குறைந்த தொகுதிகளில் முழுமையான கதை வேண்டுமென்றால் ‘ஹனி அண்ட் குளோவர்’. ‘நானா’ வயது வந்தோருக்கானது. ஆசிரியரின் உடல்நலக் குறைவால் 2009இல் 21 தொகுதிகளோடு நின்றிருப்பதால், முடிவில்லாத கதை என்று தெரிந்தே அதைக் கையில் எடுங்கள்.